டிக்கெட் போடுவதற்கு முன்னால், பாப்பா

சுங்கை சிப்புட், பேராக்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். அம்மாவுக்குக் கால்வீக்கம் வடிந்துவிட்டது. இன்று காலை மார்க்கெட் வரைக்கும் தானே நடந்து போய் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்ததிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. திருச்சியில் பெரிய மாமா பேத்தி கல்யாணத்துக்குப் போகிறோம் என்று பக்கத்து வீடு, எதிர் வீடு, கோயில் எல்லா இடத்திலும் சொல்லி முடித்தாகிவிட்டது. கல்யாணம் முடிந்ததும் அம்மாவை மாமா வீட்டில் விட்டுவிட்டு நீ லண்டனில் இருக்கும் உன் தோழியைப் பார்த்துவிட்டு வரப்போகிறாய் என்பதிலும் எனக்குச் சந்தோஷம்தான். உழைத்துச் சேர்த்த காசில் நாலு இடம் பார்க்க வேண்டிய வயசு.

ஆனால் பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாய். "டிக்கெட் மலிவா வந்திருக்குப்பா, இந்த வாரமே போட்டுடறேன், விசா எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றாய். அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் ஆபீசிலிருந்து உனக்கு அழைப்பு வந்துவிடும். எழுதி வைத்தால் நிதானமாகப் படிப்பாய்.

டிக்கெட்டைக் கடைசியில் போடு. முதலில் பாஸ்போர்ட், அப்புறம் விசாவும் நுழைவு அனுமதியும், அதற்குப் பிறகுதான் டிக்கெட். இந்த வரிசை மாறினால் ஒவ்வொன்றாகச் சிக்கல் வரும். ஏன் என்று சொல்கிறேன்.

உன் பாஸ்போர்ட் வரும் மே 20-ஆம் தேதியோடு முடிகிறது. போன தீபாவளிக்கு நீ வந்திருந்தபோது எடுத்த நகல் என் கோப்பில் இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் சொல்கிறேன். நீங்கள் திருச்சியில் இறங்கப்போவது டிசம்பர் 3. இந்தியாவுக்குப் போகிறவர்களின் பாஸ்போர்ட் இறங்கும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதம் செல்ல வேண்டும், முத்திரை குத்த இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். டிசம்பர் 3-லிருந்து 6 மாதம் என்றால் ஜூன் 3. உனக்கு இரண்டு வாரம் பற்றவில்லை. மே மாதம் வரைக்கும் நாள் இருக்கிறதே என்று நீ நினைத்திருப்பாய், பாஸ்போர்ட்டைப் பார்க்கிற யாருக்கும் அப்படித்தான் தோன்றும். சிங்கப்பூர், தாய்லாந்து, இந்தோனேசியா எல்லாம் இதே 6 மாதக் கணக்குதான். ஐரோப்பாவில் வேறு மாதிரி: அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பின் 3 மாதம் இருக்க வேண்டும், பாஸ்போர்ட் வெளியாகி 10 வருஷம் ஆகியிருக்கக் கூடாது. ஆக, ஒரு நாட்டுக்குத் தெரிந்த கணக்கை இன்னொரு நாட்டுக்குப் போட முடியாது.

எனவே முதலில் பாஸ்போர்ட்டைப் புதுப்பி. கணினியிலேயே விண்ணப்பித்து, 200 வெள்ளி (ரிங்கிட்) கட்டி, நீ சொல்லும் குடிநுழைவு அலுவலகத்தில் போய் வாங்கிக்கொள்ளலாம். அம்மாவுக்கு 60 தாண்டிவிட்டதால் 100 வெள்ளிதான். அவளை நான் ஈப்போவுக்கு அழைத்துப் போகிறேன். புது பாஸ்போர்ட் என்றால் புது எண். விசாவும் பிரிட்டன் அனுமதியும் அந்த எண்ணோடு கட்டப்பட்டவை. பழைய எண்ணுக்கு விசா எடுத்துவிட்டு அப்புறம் பாஸ்போர்ட்டை மாற்றினால் கட்டிய பணமும் போகும், வேலையும் முதலிலிருந்து. வரிசை முக்கியம் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

விமான நிலையத்தில் நம்மைத் தடுத்து நிறுத்துவது குடிநுழைவு அதிகாரி என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அதற்கு முன்பே, பெட்டி போடும் கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடமே கதை முடிந்துவிடும். சரியான பத்திரம் இல்லாத பயணியை ஏற்றிக்கொண்டு போனால் விமான நிறுவனம் தன் செலவில் திருப்பிக் கொண்டுவர வேண்டும், அபராதமும் கட்ட வேண்டும். பிரிட்டனில் அது ஆளுக்கு 2,000 பவுண்டு. அதனால் எந்த நாட்டு பாஸ்போர்ட்டுக்கு எந்த நாட்டில் என்ன வேண்டும் என்று சொல்லும் 'டிமாட்டிக்' என்ற தகவல் தொகுப்பை அவர்கள் கணினியில் வைத்திருக்கிறார்கள். அனைத்துலக விமானப் போக்குவரத்துச் சங்கம் நடத்துவது அது. திரை 'கூடாது' என்று காட்டினால் அந்தப் பிள்ளையால் ஒன்றும் செய்ய முடியாது. அழுதாலும் கெஞ்சினாலும் கல்யாணப் பத்திரிகையைக் காட்டினாலும் நடக்காது. டிக்கெட் பணமும் திரும்பி வராது, ஏனென்றால் பத்திரங்களுக்குப் பொறுப்பு பயணிதான் என்று டிக்கெட் விதியிலேயே எழுதியிருப்பார்கள்.

தோட்டத்தில் மூன்றாவது வரிசை வீட்டில் இருந்த அத்தைக்கு நடந்ததை உனக்கு முழுக்கச் சொன்னதில்லை. கோயில் யாத்திரைக்கு ஒரு கூட்டமாகக் கிளம்பினார்கள். எல்லாருக்கும் விசா எடுத்துத் தந்தது ஒரு ஏஜென்ட். அத்தையின் பாஸ்போர்ட் எண்ணில் 3 இருக்க வேண்டிய இடத்தில் 8 அடித்திருந்தார்கள். ஆங்கிலத்தில் 'ஏ', அதன் பிறகு எட்டு எண்கள், அதில் ஒன்று பிசகு. அத்தைக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஏஜென்ட் கொடுத்த தாளை மஞ்சள் பையில் மடித்து வைத்துக்கொண்டு நேராகக் கவுன்ட்டருக்குப் போய்விட்டார். கூட்டம் உள்ளே போனது, அத்தை மட்டும் வெளியே. தள்ளுவண்டி மேல் உட்கார்ந்துகொண்டு, "நான் என்னய்யா தப்பு பண்ணேன்" என்று வருகிறவர் போகிறவர் எல்லாரையும் கேட்டாராம். அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. அந்தத் தாளைப் படித்துப் பார்க்க ஓர் ஆள் அவருக்கு வாய்க்கவில்லை, அவ்வளவுதான். அம்மாவுக்கு நீ இருக்கிறாய்.

பத்திரம் பத்திரம் என்று நான் உயிரை வாங்குவதாக நீயும் தம்பியும் சின்ன வயதில் முணுமுணுப்பீர்கள். தோட்டத்து ஆபீசில் கிராணியாக, கணக்கு எழுதுகிறவனாக இருந்தவனுக்கு அது ரத்தத்தில் ஊறியது. நம் ஊரையே எடுத்துக்கொள். 1948 ஜூன் 16-ஆம் தேதி இந்தச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று வெள்ளைக்காரத் துரைகளைச் சுட்டுக் கொன்றார்கள். இரண்டே நாளில் மலாயா முழுக்க அவசரகாலம். அந்த ஆண்டே, 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் அடையாள அட்டை எடுக்க வேண்டும் என்று வந்தது. உன் பையில் இருக்கும் ஐசிக்கு ஆரம்பம் அதுதான். அதற்குப் பிறகு தோட்டத்துச் சனங்களின் வாழ்க்கை முழுக்க அட்டையின் நிறத்தில் நின்றது. நீல அட்டை என்றால் குடிமகன், சிவப்பு என்றால் நிரந்தரவாசி மட்டும். இங்கேயே பிறந்து, இங்கேயே பால்மரம் வெட்டி, பிறப்புப் பத்திரம் எடுத்து வைக்காத ஒரே காரணத்தால் சிவப்போடு நின்றவர்கள் எத்தனையோ பேர்.

உன் அப்பாயி அதில் ஒருத்தி. அவளுடைய அண்ணனும் சிவப்பு. 1969 கலவரத்துக்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் பெர்மிட் எடுத்தால்தான் வேலை செய்யலாம் என்று சட்டத்தை இறுக்கினார்கள். பெர்மிட் கிடைக்காமல் ஆயிரக்கணக்கில் தமிழர்கள் ஊர் திரும்பினார்கள். அந்த அண்ணன் பினாங்குக்குப் போய் ரஜூலா கப்பலேறினார். நாகப்பட்டினத்தில் இறங்கி முசிறிப் பக்கம் போனதாக ஒரு கடிதம் வந்தது. அப்பாயிக்கு அண்ணனைப் போய்ப் பார்க்க ஆசை. சிவப்பு ஐசிக்கு மலேசிய பாஸ்போர்ட் கிடையாது. வேறு பயணப் பத்திரம், திரும்பி வர அனுமதி என்று தனித்தனியாக எடுக்க வேண்டும், அதற்கும் பிறப்பு எங்கே எப்போது என்று கேட்பார்கள். அவளிடம் காட்ட ஒன்றும் இல்லை. அண்ணன் முகத்தைப் பார்க்காமலேயே போய்ச் சேர்ந்தாள். நீ ஒரு வாரத்தில் பாஸ்போர்ட் எடுத்து, உட்கார்ந்த இடத்தில் விசா எடுத்து, அதே திருச்சியில் இறங்கப்போகிறாய். அதை அரைகுறையாகச் செய்து கவுன்ட்டரில் கோட்டை விட்டாய் என்றால் எனக்குத் தாங்காது, பாப்பா.

சரி, காரியத்துக்கு வருகிறேன். இந்தியாவுக்கு நம் போன்றவர்கள் இ-விசா எடுக்கலாம். சுற்றுலா விசாவே போதும், சொந்தக்காரர்களைப் பார்ப்பதும் கல்யாணத்துக்குப் போவதும் அதில் அடங்கும். அதில் 30 நாள், ஓராண்டு, ஐந்தாண்டு என்று வகை உண்டு. நீ 30 நாள் விசா போதும் என்பாய். கணக்கைப் பார்: டிசம்பர் 3 திருச்சி, 12 அன்று சென்னையிலிருந்து லண்டன், 29 அன்று திரும்பவும் சென்னை, 31 அன்று அம்மாவோடு கோலாலம்பூர். இறங்கிய நாளையும் சேர்த்தால் 29 நாள். மழையிலோ பனியிலோ விமானம் இரண்டு நாள் தள்ளிப்போனால் 30 தாண்டிவிடும். அம்மாவும் அதே 29 நாள் அங்கேயே இருப்பாள். அதோடு 30 நாள் விசாவில் இரண்டு தடவைதான் உள்ளே போகலாம், ஓராண்டு விசாவில் எத்தனை தடவை வேண்டுமானாலும் போய் வரலாம். 30 நாள் விசாவுக்கு இறங்கும் நாளுக்கு 30 நாள் முன்னால்தான் விண்ணப்பிக்கவே விடுவார்கள், ஓராண்டு விசாவுக்கு 120 நாள் முன்பே விண்ணப்பித்துவிடலாம். கொஞ்சம் பணம் கூடினாலும் இரண்டு பேருக்கும் ஓராண்டு விசாவே எடு. கடைசி நான்கு நாளுக்குள் விண்ணப்பித்தால் ஏற்கமாட்டார்கள், ஆனால் நீ அவ்வளவு தூரம் விடமாட்டாய் என்று நம்புகிறேன்.

லண்டனிலிருந்து திரும்பும்போது இன்னொன்று. சென்னையில் இரண்டே நாள்தானே, விமானம் மாறுவது போலத்தானே என்று நினைக்காதே. நீ லண்டன்–சென்னையை ஒரு டிக்கெட்டாகவும் சென்னை–கோலாலம்பூரை வேறு டிக்கெட்டாகவும் போடப்போகிறாய். தனித்தனி டிக்கெட் என்றால் குடிநுழைவைத் தாண்டி வெளியே வந்து, பெட்டியை எடுத்து, திரும்பப் போட வேண்டும். அதாவது அந்த நாட்டுக்குள் நுழைகிறாய். விசா வேண்டும். எந்த ஊரில் விமானம் மாறினாலும் இதைக் கேட்டுக்கொள். அமெரிக்கா வழியாகப் போனால் ஒரே டிக்கெட்டாக இருந்தாலும் நம் பாஸ்போர்ட்டுக்கு விசா இல்லாமல் முடியாது. அங்கே வெளியே போகாமல் மாறிப்போகும் வசதியே கிடையாது.

இனி பெயர். இதில்தான் நம் ஆட்கள் அதிகம் மாட்டுகிறார்கள். உலகத்தில் உள்ள படிவமெல்லாம் குடும்பப் பெயர் ஒரு கட்டம், சொந்தப் பெயர் ஒரு கட்டம் என்று கேட்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. உன் பெயர், 'மகள்' என்பதைக் குறிக்கும் ஏ/பி, என் பெயர், எல்லாம் ஒரே வரி. பாஸ்போர்ட்டில் படம் இருக்கும் பக்கத்தின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரி இருக்கிறதே, அதில் அந்தச் சாய்கோடு இருக்காது. நிறைய படிவங்களும் சாய்கோட்டை ஏற்காது. அதனால் விசாவில் எழுதும்போது பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, இரண்டு கட்டத்தையும் சேர்த்துப் படித்தால் பாஸ்போர்ட்டில் உள்ள முழுப் பெயரும் ஓர் எழுத்து குறையாமல் வருகிறதா என்று பார். டிக்கெட்டில் 'ஏபி' போடுவதா விடுவதா என்பதற்கு ஒவ்வொரு விமான நிறுவனமும் ஒவ்வொன்று சொல்லும். போன் செய்து கேட்டு, அவர்கள் சொன்னபடி போடு. உன் தோழிகள் கூப்பிடும் செல்லப் பெயரை அவசரத்தில் அடித்துவிடாதே. அம்மா விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அவளுடைய பிறப்புப் பத்திரத்தில் ஒரு எழுத்து, ஐசியில் வேறு எழுத்து. அந்தக் காலத்தில் ஆபீசில் யார் உட்கார்ந்திருந்தாரோ அவர் காதில் விழுந்தபடி எழுதினார். பயணத்துக்குப் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துதான் கணக்கு.

அம்மாவின் இ-விசாப் படிவத்தை நீதான் நிரப்ப வேண்டும். பக்கம் பக்கமாகக் கேட்பார்கள், ஒரே மூச்சில் முடிக்க நினைக்காதே, பாதியில் சேமித்து வைக்கலாம். அப்பா அம்மா பெயர், அவர்கள் பிறந்த ஊர், குடியுரிமை எல்லாம் கேட்கும். உன் தாத்தா பிறந்தது துறையூர்ப் பக்கம், பாட்டி பிறந்தது இங்கே. பெற்றோரோ தாத்தா பாட்டியோ பாகிஸ்தான் குடிமக்களா என்று ஒரு கேள்வி வரும், இல்லை என்று போடு. முன்பு இந்தியா போயிருந்தால் பழைய விசா எண் கேட்கும். அம்மா போன தடவை போன விசா அவளுடைய பழைய பாஸ்போர்ட்டில் இருக்கிறது, அதை எடுத்து வைத்திருக்கிறேன். இந்தியாவில் ஒருவர் பெயர், முகவரி, தொலைபேசி எண் கேட்கும். மாமாவுடையதைப் பின்கோடோடு வாங்கிப் போடு. உடம்பில் கண்ணுக்குத் தெரியும் அடையாளம் என்று ஒரு கட்டம் உண்டு. அம்மாவின் இடது பெருவிரல் அடியில், காலையில் இருட்டோடு பால் வெட்டப் போனபோது உளி கிழித்த தழும்பு இருக்கிறது, குறுக்கே, அரை அங்குல நீளம். அதை எழுது. 'ஒன்றுமில்லை' என்று போட்டுவிட்டுப் போகாதே. படம் வெள்ளைப் பின்னணியில் சதுரமாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட் பக்கத்தை பிடிஎஃப் ஆக ஏற்ற வேண்டும், 300 கேபி தாண்டினால் எடுக்காது. அனுப்பிய பிறகு மின்னஞ்சல் வரும்வரை சும்மா இருந்துவிடாமல், அதே தளத்தில் போய் 'கிராண்டட்' என்று வந்துவிட்டதா என்று பார். வந்ததும் தாளில் அச்செடு, இரண்டு பேருக்கும் இரண்டிரண்டு பிரதி. எண்ணை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படி. இ-விசாவில் எல்லா விமான நிலையத்திலும் இறங்க முடியாது, அதற்கென்று குறித்த இடங்கள் உண்டு. திருச்சியும் சென்னையும் அதில் இருக்கின்றன.

இதையெல்லாம் அதிகாரப்பூர்வத் தளத்தில் மட்டும் செய். கூகுளில் தேடினால் மேலே முதலில் வருவது பெரும்பாலும் விளம்பரம். அசோகச் சக்கரம் போட்டு, கொடி போட்டு, அசல் மாதிரியே இருக்கும். இரண்டு மடங்கு பணம் வாங்கிக்கொண்டு உன் பாஸ்போர்ட் விவரத்தையும் வைத்துக்கொள்வார்கள். இந்தியத் தளம் என்றால் முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடியும், பிரிட்டனுக்கு 'ஜிஓவி டாட் யுகே'. சிங்கப்பூர், தாய்லாந்து வருகை அட்டைகளுக்குப் பணமே கிடையாது. அதற்கும் காசு கேட்கும் தளங்கள் இருக்கின்றன. காசு கேட்டால் அப்போதே மூடிவிடு.

'போன வருஷம் போனோமே, ஒன்றும் கேட்கவில்லையே' என்று யாராவது சொன்னால் நம்பாதே. 2025 ஒரே ஆண்டில் எவ்வளவு மாறியது பார். ஜனவரி 8 முதல் மலேசியர்கள் பிரிட்டனுக்குப் போக இடிஏ என்ற மின்னணு அனுமதி வேண்டும் என்று ஆனது. அதற்கு முன்பு பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும். மே 1 முதல் தாய்லாந்து போகிறவர்கள் வருகை அட்டையைப் போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் கணினியில் நிரப்ப வேண்டும், எல்லை தாண்டி ஹாட்யாய்க்கு காரில் போனாலும் அப்படித்தான். ஜூலையில் சீனாவுக்கும் நமக்கும் பரஸ்பரம் 30 நாள் விசா விலக்கு வந்தது. அக்டோபர் 1 முதல் இந்தியாவில் இறங்கும் வெளிநாட்டவர் இ-அரைவல் கார்டு என்ற வருகை அட்டையை, இறங்குவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் கணினியில் நிரப்ப வேண்டும். இது விசாவோடு சேர்ந்ததில்லை, தனி. டிசம்பர் 1-ஆம் தேதி உனக்கும் அம்மாவுக்கும் நிரப்பிவிடு, லண்டனிலிருந்து திரும்பும்போது உனக்கு மட்டும் திரும்பவும். அக்டோபர் 12 முதல் ஐரோப்பாவில் பாஸ்போர்ட்டில் முத்திரைக்குப் பதிலாக விரல்ரேகையும் முகப்படமும் எடுக்கத் தொடங்கினார்கள். ஆகவே விண்ணப்பிக்கும் நாளில் ஒரு முறை, கிளம்பும் வாரத்தில் ஒரு முறை என்று நீயே போய்ப் பார். நான் எழுதியிருப்பதைக்கூட அப்படியே நம்பிவிடாமல் அந்தந்த நாட்டின் தளத்தில் சரிபார்.

லண்டனுக்கு இடிஏ எடுப்பது எளிது, போனிலேயே முடியும். கட்டணம் முதலில் 10 பவுண்டு இருந்தது, 2025 ஏப்ரலில் 16 ஆக்கினார்கள். நீ எடுக்கும் நாளில் எவ்வளவோ அதைக் கட்டு. பெரும்பாலும் ஒரே நாளில் வந்துவிடும், ஆனாலும் மூன்று வேலைநாள் விட்டு வை. இரண்டு வருஷம் செல்லும், பாஸ்போர்ட் அதற்கு முன் முடிந்தால் அதோடு முடியும். கையில் இடிஏ இருக்கிறது என்பதால் உள்ளே விட்டே ஆக வேண்டும் என்று இல்லை. எதற்கு வந்தாய், எங்கே தங்குகிறாய், எப்போது திரும்புகிறாய் என்று அதிகாரி கேட்பார். தோழியின் வீட்டு முகவரி, திரும்பும் டிக்கெட், வேலை பார்க்கும் இடத்துக் கடிதம் மூன்றையும் கைப்பையில் வை. பெட்டியில் போட்டுவிடாதே, போனில் மட்டும் வைத்து சார்ஜ் போய் நிற்காதே. தோழியின் கடையில் நாலு நாள் உதவி செய்யப்போகிறேன் என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதே, அது வேலை என்று எடுத்துக்கொள்வார்கள். பாரிசுக்கும் இரண்டு நாள் போக நினைக்கிறாய் என்றால் நமக்கு அங்கே விசா வேண்டாம், எந்த 180 நாளிலும் 90 நாள் இருக்கலாம். அங்கும் இடிஏ மாதிரி ஒன்று வரப்போகிறது, அது தொடங்கிவிட்டதா என்று மட்டும் பார்த்துக்கொள்.

பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அம்மா இப்போதே மிளகாய் காயப்போட ஆரம்பித்துவிட்டாள். உன் தோழிக்குக் குருமாத் தூள் அரைத்துக் கொடுக்கப்போகிறாளாம். அதில் கசகசா போடுவாள். நீ துபாய் வழியாகப் போகிறாய். ஐக்கிய அரபு நாடுகளில் கசகசா தடைசெய்யப்பட்ட போதைப்பொருள் கணக்கில் வரும், சிங்கப்பூரிலும் கூடாது. நம் சமையல் கட்டில் அஞ்சறைப் பெட்டியில் கிடக்கும் சாமான், அங்கே போனால் சிறைக்குப் போகும் விஷயம். நான் அம்மாவிடம் சொல்லிவிட்டேன், முந்திரி போட்டு அரைக்கிறேன் என்றாள். நீ பெட்டியைக் கட்டும்போது பொட்டலத்தை எல்லாம் கேட்டுக் கேட்டு வை. இருமல் மருந்திலும் வலி மாத்திரையிலும் கோடீன், டிரமடால் இருந்தால் அங்கே முன்அனுமதி வேண்டும், எனவே எடுக்கவே எடுக்காதே. பிரிட்டனுக்கு நம் பக்கத்திலிருந்து இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகக் கூடாது. திருச்சியில் மாமி பால்கோவா கட்டித் தருவாள், அதைச் சென்னையிலேயே சாப்பிட்டு முடி. அம்மாவின் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை டப்பாவில் கொட்டாமல் அட்டையோடு வை, கிளினிக்கில் ஒரு கடிதம் வாங்கி வைக்கிறேன். கல்யாணம் என்று இருக்கிற நகையெல்லாம் மாட்டிக்கொண்டு போக வேண்டாம், சுங்கத்தில் கேள்வி வரும். தாலியும் ஒரு சங்கிலியும் போதும் என்று அம்மாவிடம் நீயும் சொல், நான் சொன்னால் கோபம் வருகிறது.

கடைசியாக ஒன்று, பலர் நினைத்துப் பார்க்காதது. வெளிநாடு உள்ளே விடுமா என்று பார்ப்பதோடு, நம் நாடு வெளியே விடுமா என்றும் பார்க்க வேண்டும். வருமான வரி பாக்கி மாதிரி ஏதாவது இருந்தால் பயணத்தடை போட்டிருப்பார்கள், கடிதம் பழைய முகவரிக்குப் போயிருக்கும். குடிநுழைவுத் துறையின் தளத்தில் ஐசி எண்ணைப் போட்டால் தடை உண்டா இல்லையா என்று காட்டும். நீ வீடு மாறி இருக்கிறாய், அதனால் பார்த்துவிடு. அம்மாவுக்கு நான் பார்த்துவிட்டேன், ஒன்றும் இல்லை.

இந்த வாரம் நீ செய்ய வேண்டியது ஒன்றுதான், பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம். மலிவு டிக்கெட் போனால் போகட்டும், இன்னொன்று வரும். விலை கூடினால் கூடுகிற வித்தியாசத்தை நான் தருகிறேன், அதற்காக நீ அவசரப்படாதே. புது பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் முதல் பக்கத்தைத் தெளிவாகப் படம் எடுத்து எனக்கு அனுப்பு, விசாப் படிவத்தை அனுப்புவதற்கு முன்னால் அதையும் காட்டு. கண்ணாடி மாற்றியிருக்கிறேன், இப்போது சின்ன எழுத்தும் நன்றாகத் தெரிகிறது.

மாமாவின் முகவரியைப் பின்கோடோடு நாளைக்கு வாங்கி அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை ராத்திரி கூப்பிடு, எட்டு மணிக்கு மேல், அம்மா கோயிலிலிருந்து வந்துவிடுவாள்.

அன்புடன்,
அப்பா